ரெண்டு மூக்கு வண்டி

...இல்ல, தெரியாமத்தான் கேக்கறேன் சம்மந்தியம்மா. மனுசனுக்கே சாமி ஒரு மூக்குதான் வெச்சிருக்கு. ஒரு அம்பாசிடர் காருக்கு ரெண்டு மூக்கு எதுக்கு? உங்க புள்ள வெச்சாரே. பம்பருக்குக் கீழ இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, தகரத்துல. அதுல ஆரம்பிச்சதுதானே எல்லாம். அது மட்டும் இல்லன்னா இந்நேரம் எம்பொண்ணு கலா எங்க வூட்ல கால நீட்டி ஒக்காந்து முறுக்கு கடிச்சிகினு இருக்கும். நான் எதுக்கு இந்த வெயில்ல டவுன்லருந்து அடி அண்ணாமலைக்கு வந்து, உங்க மல்லாட்ட மூட்டைக்குப் பக்கத்துல ஒக்காந்து தனியா பேசிகினு இருக்கப்போறேன்?

தனியாத்தான் பேசறேன். உங்களுக்குத்தான் மௌன விரதமாச்சே. சோமவாரம். நல்ல விரதம்தான், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா தெருமொனையில நான் வண்டியவுட்டு எறங்கும்போது நீங்க கோழிய வெரட்டற சத்தம் நல்லா கேட்டுச்சே. அந்தக் கோழியோட ஏழு தலமொறையயும் இழுத்து வெச்சி திட்டினீங்க. நான் வாசப்படி மிதிக்கறதுக்குள்ள விரதம் வந்துடுச்சி. சரி, சரி... தலைய ஆட்டாதீங்க, நம்பறேன். காலையில மறந்திருப்பீங்க. என்னப் பாத்ததும் சாமி ஞாபகம் வந்திருக்கும்.

காபியெல்லாம் வேணாம். தண்ணி குடுத்தீங்களே, அது போதும். இவரு அங்க வண்டியிலயே ஒக்காந்துகினு இருக்காரு, கேக்குதா ஹாரன் சத்தம்? எறங்க மாட்டாராம். "நீ போய் உம்பொண்ணக் கேளு ஜோதி, வந்தா கூட்டினு வா, அந்த வாசல்ல நான் கால வெக்க மாட்டேன்"ன்றாரு. உங்க மருமவ இன்னா எழுதுது? "அப்பா நேர்ல வந்து, எங்க வூட்டுக்காரர் மேல தப்பு இல்லன்னு அவரு வாயால சொல்லட்டும். அப்ப வரேன். இல்லன்னா இங்கியே பெத்துக்கறேன்." கடுதாசி போடுது. நாலு மைலுக்கு ஸ்டாம்பு ஒட்டி. ஒம்பதாம் மாசம் பொறந்து பத்து நாளாச்சி. அப்பனும் பொண்ணும் ஒரே அச்சு, யார் கழுத்தும் திரும்பாது. நடுவுல நான் கெடக்கறேன்.

உங்களக் கொற சொல்லல. நீங்க நல்லாத்தான் பாத்துக்குவீங்க. ஆனா தலப் பிரசவம். மொத வலி வரும்போது அது "அம்மா"ன்னு கத்தும் பாருங்க, அப்ப நான் பக்கத்துல இருக்கணும். அவ்ளோதான் எனக்கு வேணும். அதுக்குத்தான் வந்தேன். மாப்ளயப் பத்தி பேச வரல. அவர் பேச்சையே எடுக்கப்போறதில்ல.

எல்லாம் அந்த வெள்ளக்காரன் வெச்சிட்டுப் போன புஸ்தகத்தால வந்த வென. ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்து ஆறு மாசம் தங்கினான். எங்க போனாலும் இவரு டாக்ஸியிலதான் போவான். ஊருக்குத் திரும்பும்போது மத்தவங்கல்லாம் ஒரு கம்பளி குடுப்பாங்க, ஒரு டார்ச்சு லைட்டு குடுப்பாங்க. இவன் புஸ்தகம் குடுத்தான். கார் புஸ்தகம், பூரா இங்கிலீசு. இவரு அத வாங்கி பரண்ல போட்டிருந்தா கரையான் தின்னுட்டு சும்மா இருந்திருக்கும். கொண்டுபோய் மாப்ள கையில குடுத்தாரு. அப்ப கலாவும் அவரும் எங்க வூட்லதானே இருந்தாங்க. லேத்து பட்டறையில வேல பாக்கறவரு, டிப்ளமா படிச்சவரு, சும்மா இருப்பாரா? ஒரு வாரம் சோத்துத் தட்டுக்குப் பக்கத்துல கூட அந்த புஸ்தகம்தான். ரசத்துக்கு பதிலா பக்கத்தத் தொட்டுகினு சாப்ட்டாரு.

அதுல ஒரு படம். பந்தய காராம். தரையோட தரையா ஒட்டிகினு, ஒருத்தன் மட்டும் படுத்துகினு ஓட்டறான். அதுக்கு முன்னாடி ரெண்டு ஓட்ட. "அத்த, இங்க பாருங்க, ஓடும்போது காத்த இங்க புடிச்சி, குழாயி வழியா பிரேக்குக்கு அனுப்பறான். பிரேக்கு சூடே ஆகாது"ன்றாரு. நான் தோச சுட்டுகினு இருக்கேன். எனக்கு இருக்கற ஒரே சூடு அதுதான். "நல்லது மாப்ள, சட்னி போதுமா"ன்னேன்.

ஒண்ணு மட்டும் நேர்மையா சொல்லணும். இவருதான் மாப்ளயக் கேட்டாரு. இப்ப இல்லவே இல்லன்றாரு, நான் கேக்கவே இல்ல, அவனா செஞ்சான்றாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். ஜமனாமரத்தூர் மலைக்கு சவாரி போய் எறங்கும்போது பிரேக்க அமுத்தி அமுத்தி சக்கரத்துக்குள்ள இருக்கற டிரம்மு பழுக்கக் காஞ்சிடும். ஒரே கருகின நாத்தம். நடுவுல நிறுத்தி ஆறவெக்கலன்னா கடைசி வளைவுல பிரேக்கு கை வுட்டுடும். ஒரு தடவ அப்படித்தான், வூட்டுக்கு வந்தவரு சொம்புத் தண்ணியக் கூட ரெண்டு கையால புடிச்சிக் குடிச்சாரு. அன்னிக்கி ராத்திரி மாப்ளகிட்ட, "இதுக்கு எதுனா வழி பண்ணுப்பா"ன்னாரு. என் காதால கேட்டேன்.

பண்ணாரு வழி. எங்க பண்ணாரு? பட்டறையிலயா? அங்க மொதலாளி வுட மாட்டானாம். எங்க வூட்ல, என் சமையக்கட்டுக்கு எதிர்ல. மூணு ஞாயித்துக்கெழம. மொதல்ல காலண்டர் அட்டையில வெட்டி அளவு பாத்தாரு. போன வருசத்து காலண்டர்தான், இருந்தாலும் அதுல மகாலட்சுமி இருந்துச்சி. கழுத்தோட வெட்டிட்டாரு. கலாவோட தையல் டேப்பு போச்சி. அப்புறம் என் மாவு சல்லட. கல்லு உள்ள போகக்கூடாதாம், வாயில வல கட்டணுமாம், அதுக்கு என் கல்யாணத்துக்கு எங்கம்மா குடுத்த சல்லடையக் கிழிச்சாரு. இன்னிக்கி வரைக்கும் எங்க வூட்ல இடியாப்பம் கட்டி கட்டியா வருது. குழாயிக்கு உங்க கெணத்து பம்புசெட்டு ஓசு, பழசு ஒண்ணு கெடந்துச்சே, அதுதான். நீங்கதான் எடுத்துக் குடுத்தீங்க. அப்ப ஏன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா? அன்னிக்கி விரதம் இல்லியே.

தகரத்த புனல் மாதிரி வளைச்சி, ஈயத்தால பத்த வெச்சி, பம்பருக்குக் கீழ மாட்டி, ஓசு குழாய உள்ள வுட்டு, டிரம்முக்குப் பின்னாடி தகடு ஒண்ணு இருக்காமே, அதுல ஓட்ட போட்டு சேத்தாரு. ரெண்டு முன் சக்கரத்துக்கும். மாட்டிட்டு எட்ட நின்னு பாத்தாரு பாருங்க ஒரு பார்வ, கலாவப் பொண்ணு பாக்க வந்தப்பக் கூட அப்படிப் பாக்கல.

டாக்ஸி ஸ்டாண்டுல மானம் போச்சி. கண்ணாயிரம்னு ஒரு டிரைவரு, வாய் அடங்காதவன், இவரப் பாத்து "கோதண்டராமா, சளி புடிச்சா எந்த மூக்க சிந்துவ"ன்னு கேட்டிருக்கான். அதுலருந்து ரெண்டு மூக்கு வண்டின்னு பேரே வெச்சிட்டாங்க. கற்பூர வில்ல, சாமந்திப்பூ, பஸ் டிக்கெட்டு, தேரடித் தெருவுல கெடக்கற அத்தன குப்பையும் அந்த மூக்குலதான். ஒரு நாள் கழுவறேன்னு குனியறேன், சல்லடைக்கு அந்தாண்ட ஒரு தவக்கள ஒக்காந்துகினு என்ன மொறைக்குது. எப்படி பூந்துச்சோ.

ஆனா பிரேக்கு புடிச்சிச்சி. அதயும் சொல்லணும். தை மாசம் ஒரு மலச் சவாரி, மாசியில ரெண்டு. நடுவுல நிறுத்தாம எறங்கினாராம். கீழ வந்து டிரம்ம தொட்டுப் பாத்தா கை வெக்கலாமாம். "உம்மாப்ள கெட்டிக்காரன்டி"ன்னு சொல்லி ஜிலேபி வாங்கினு வந்தாரு. இத சொன்னா இப்ப அடிக்க வருவாரு. ஜிலேபி தின்ன வாய் எப்படித்தான் மாறுதோ... இருங்க, அந்த மொறத்த இப்படித் தள்ளுங்க, நானும் கடல உரிக்கறேன். கை சும்மா இருந்தா எனக்கு வாய் ஜாஸ்தியா போவுது.

அப்புறம்தான் பங்குனி வந்துச்சி. ஒரு ஜவுளிக்கடைக்காரர் குடும்பம், அஞ்சு பேரு, ஜமனாமரத்தூர்ல ஏதோ நெலம் பாக்கணும்னு காலையில போனாங்க. மேல வண்டிய வெயில்ல நிறுத்திட்டு ரெண்டு மணி வரைக்கும் நெலம் பாத்தாங்க. எறங்கினாங்க. கடைசி வளைவுல பெடல அமுத்தினா, பெடலு கல்லு மாதிரி நிக்குதாம். ஆனா வண்டி மட்டும் வழுக்கிகினு போவுதாம். நல்லவேள, ரோட்டோரம் ஒரு வைக்கப்போரு. அதுக்குள்ள பூந்து நின்னுச்சி. ஜவுளிக்கடைக்காரர் பொண்டாட்டிக்கு நெத்தியில ஆறு தையல். இவருக்குத் தோள்பட்ட எலும்பு முறிஞ்சி ரெண்டு மாசம் கையத் தொங்கவுட்டுகினு இருந்தாரு. அந்த வைக்கப்போரு மட்டும் அங்க இல்லன்னா, சம்மந்தியம்மா... நான் இன்னிக்கி இந்த பொட்டோட உங்க எதிர்ல ஒக்காந்திருக்க மாட்டேன்.

அதுல ஒரு அதிசயம் கேட்டிருப்பீங்களே. ஊரே பேசிச்சே. இவர வண்டியிலருந்து வெளிய இழுக்கும்போது கமகமன்னு நெய் வாசன. காட்டுல, வைக்கப்போர்ல, சுத்தி ஒரு வூடு கெடையாது, பசு நெய் காய்ச்சற வாசன. இழுத்தவங்க அத்தன பேரும் மோந்திருக்காங்க. ஜவுளிக்கடைக்காரர் ரத்தத்தோட ரத்தமா கன்னத்துல போட்டுகினாராம். "மலமேல ஏத்தற தீபத்து நெய்யிதான், அண்ணாமலையாரே வந்து கையக் குடுத்தாரு"ன்னு இவரு அன்னிலருந்து சொல்லிகினு இருக்காரு. சவாரி ஏறினவங்க ஒருத்தர வுடறதில்ல. ஊர் எல்லைக்குள்ள ஆரம்பிச்சி, மல தெரியற எடத்துல சரியா வைக்கப்போருக்கு வந்து நிப்பாட்டுவாரு. பொம்பளைங்க அழுவாங்க. இப்ப மெட்ராஸ்லருந்து வரவங்க கூட, சாமி காப்பாத்தின வண்டி எதுன்னு கேட்டு ஏறறாங்க. பின் கண்ணாடியில தீபம் வேற வரைஞ்சி வெச்சிருக்காரு. ஒரு சொட்டு குடி, ஒரு கெட்ட வார்த்த இப்ப இவருகிட்ட கெடையாது. வெள்ளிக்கெழமையானா தல முழுகிட்டுத்தான் வண்டிய எடுப்பாரு. மனுசன் மாறிட்டாரு.

ஆக, வாசன வந்தது சாமி கணக்குல போச்சி. வண்டி வழுக்கினது மாப்ள கணக்குல போச்சி. மெக்கானிக்கு டிரம்மக் கழட்டிப் பாத்துட்டு, "தகட்டுல ஓட்ட போட்டதால கிரீசு உள்ள பூந்து பிரேக்கு ஷூவெல்லாம் பிசுக்காயிடுச்சி"ன்னுட்டான். அவ்ளோதான். இவரு டாக்ஸி ஸ்டாண்டுல, அத்தன பேரு எதிர்ல, கையத் தொட்டில் கட்டிகினு கத்தினாரு. "என்னக் கொல்லப் பாத்தான், புஸ்தகம் பாத்துக் கொல்லப் பாத்தான்"னாரு. சுத்தியல வாங்கி ரெண்டு மூக்கையும் ஒத்தக் கையாலயே அடிச்சி நசுக்கினாரு. மாப்ள நின்னுகினே இருந்தாரு. ஒரே ஒரு வார்த்த கேட்டாரு. "மாமா, அந்த ஷூவ நான் ஒரு தடவ மோந்து பாக்கட்டுமா?" அதுக்கும் ஏச்சு. அன்னிக்கி சாயங்காலமே ஒரு பொட்டியோட கலாவக் கூட்டினு இங்க வந்துட்டாரு.

போகும்போது வாசல்ல நின்னு என்ன ஒரு பார்வ பாத்தாரு. நான் குனிஞ்சி கோலப்பொடி டப்பாவ மூடினேன். மூடித்தான் இருந்துச்சி, மறுபடியும் மூடினேன்.

உங்ககிட்ட எதுனா சொன்னாரா, சம்மந்தியம்மா? நாலு மாசமா பெத்த தாயோட ஒரே வூட்ல இருக்காரே, இது எதனால ஆச்சின்னு... ஒண்ணும் சொல்லல? நெஜமாவா? கலாகிட்ட? அதுகிட்டயும் இல்லியா...

ஒண்ணுமே சொல்லல.

அவருக்குத் தெரியும் சம்மந்தியம்மா. தெரியாம அந்த ஷூவ மோந்து பாக்கணும்னு கேட்டிருக்க மாட்டாரு. இவ்ளோ நாளு, எங்கடா போட்டுக் குடுத்துடுவாரோன்னு பயந்து பயந்து, நான் முந்திக்கினு அவர ஏசிகினு இருந்தேன். கெணத்தடியில ஏசினேன், ரேஷன் கடையில ஏசினேன், சுப்பன் டீக்கடையில நின்னு கூட ஏசினேன். அவரு பெத்தவகிட்டக் கூட வாயத் தொறக்கல. உங்க விரதம் ஒரு நாளு. அவரு நாலு மாசம்.

நீங்க பேச மாட்டீங்கதானே இன்னிக்கி? சரி. அப்ப கேளுங்க. நாளைக்குக் கேட்டா சொல்ல மாட்டேன்.

அந்தத் தகரம் எங்கருந்து வந்துச்சின்னு யாரும் கேக்கவே இல்ல. நான்தான் குடுத்தேன். நெய் டின்னு. கார்த்திக தீபத்துக்கு மலமேல நெய் தூக்கினு போறாங்களே, முருகையன்னு எங்க தெருக்காரரு, அவரு எறங்கி வரும்போது ரெண்டு காலி டின்னு கேட்டு வாங்கி வெச்சிருந்தேன். தீபத்து நெய் இருந்த டின்னு, வூட்ல இருந்தா நல்லதுன்னு. மாப்ள கடையில தகடு வாங்கறேன்னாரு. "எதுக்கு மாப்ள, இதுல செய்ங்க, சாமி கூடவே இருக்கும்"னு நான்தான் எடுத்து நீட்டினேன். அவரு வெரல வுட்டுத் தடவிப் பாத்துட்டு, "அத்த, இதுல துளி பசை இருக்கக் கூடாது. பிரேக்குல நெய் பட்டா எமன். சோடா உப்பு போட்டு வெந்நீர்ல ரெண்டு தடவ கழுவிடுங்க"ன்னாரு. சரின்னேன். தீபத்து நெய்ய எப்படி சாக்கடையில ஊத்தறது, நீங்களே சொல்லுங்க? மனசு வரல. மேலால துணியில தொடச்சி வெச்சிட்டேன். வெட்டறதுக்கு முன்னாடி, "கழுவிட்டீங்களா அத்த"ன்னாரு. கழுவிட்டேன்னேன். வேலக்காரியக் கேக்கற மாதிரி ரெண்டாந்தரம் கேட்டாரு. ரெண்டாந்தரமும் கழுவிட்டேன்னேன். மாமியார நம்பறதுதான மரியாத. நம்பிட்டாரு.

அதோட வுட்டிருந்தாலும் போயிருக்கும். பொங்கலன்னிக்கி வண்டிக்கு பூஜ போட்டோமே. சல்லட கட்டறதுக்கு முன்னாடி நான் ஒரு வேல பண்ணேன். முருகையன் தனியா ஒரு தூக்குல கொஞ்சம் நெய் குடுத்திருந்தாரு, பிரசாதமா. இந்தக் கையால, ஒரு மூக்குக்கு ஒரு பிடி, முழங்கை வரைக்கும் உள்ள வுட்டு ஓசு பூரா தடவினேன். வண்டி மலயேறுது, எறங்குது, எந்தக் கெட்டதும் அண்டக் கூடாதுன்னு தடவினேன். சத்தியமா இவரு நல்லா இருக்கணும்னுதான் தடவினேன். தை மாசத்துக் குளுரு, நெய் சுண்ணாம்பு மாதிரி ஒறஞ்சி ஒட்டிகினுச்சி. மாசி வரைக்கும் ஒட்டிகினே இருந்துச்சி. உள்ள வரதும் குளுந்த காத்துதானே.

பங்குனி வெயில்ல நாலு மணி நேரம் நிறுத்தினா நெய் இன்னா ஆவும்? உருகி, குழாயி வழியா நேரா பிரேக்குல எறங்கும். இத எனக்கு மெக்கானிக்கா வந்து சொல்லணும்? முப்பது வருசமா அடுப்படியில நிக்கறவ. இவரு ஆஸ்பத்திரியில படுத்துகினு, "ஜோதி, ஒரு நெய் வாசன வந்துச்சி பாரு"ன்னு மொதமொதல்ல என்கிட்டதான் சொன்னாரு. கண்ணுல தண்ணி. அப்பவே எனக்குத் தெரிஞ்சிபோச்சி. நானும் கன்னத்துல போட்டுகினேன். பக்கத்துக் கட்டில்காரங்களும் போட்டுகினாங்க. எப்படி சொல்றது? சொல்லலாம்னு வாயத் தொறக்கறதுக்குள்ள அது ஊர் பூரா போயிடுச்சி.

பாருங்க, இது உங்களோட இருக்கட்டும். நாளைக்கு விரதம் முடிஞ்சாலும் இத மட்டும்...

யாரு அது கதவாண்ட? கலாவா? எப்பலருந்து நிக்கற? அப்படி நிக்காதம்மா, காலு வீங்கும், வந்து ஒக்காரு. எல்லாம் கேட்டுட்டியா? சரி. கேட்டுட்ட இல்ல, உன் வூட்டுக்காரர் மேல தப்பு இல்ல, உங்கம்மாவே சொல்லிட்டா. பொட்டிய எடு, போலாம். அப்பா வந்து சொல்லணும்ன்ற பிடிவாதம் இன்னும் எதுக்கு? ... இல்லம்மா, அது எப்படி சொல்ல முடியும்? யோசன பண்ணிப் பாரு. அவரு குடிய வுட்டாரும்மா அந்த வாசனையால. இப்ப போய், அது நான் தடவினதுன்னா, மனுசன் இன்னா ஆவாரு? பின் கண்ணாடியில வரைஞ்சி வேற வெச்சிருக்காரு. எனக்காக ஒண்ணும் இல்ல, அவருக்காகத்தான்...

சரி. எனக்காகவும்தான்.

இன்னா சொன்னீங்க சம்மந்தியம்மா? போய்ச் சொல்லிட்டு வாங்கன்னா? உங்க விரதம் போச்சே என்னால. ... தெரியுது. நானும் பொம்பளதான், பெத்தவதான். உங்க புள்ளய நாலு மாசம் ஊரு சிரிச்சிச்சி. நானும் கூட சேந்து சிரிச்சேன்.

நீ பொட்டி எடுத்தாலும் எடுக்காட்டியும் நான் போய் சொல்லிட்டு வரேன் கலா. பாதியில திரும்பி வந்தா மறுபடியும் வெரட்டு. செருப்பு வேணாம், இருக்கட்டும், நாலு அடிதான.

...ஏங்க. ஹாரன் அடிச்சது போதும், கைய எடுங்க. அது வரல. இன்னும் வரல. நான் மட்டும்தான் வந்திருக்கேன். கண்ணாடிய எறக்குங்க. முழுசா எறக்குங்க... என்னப் பாக்காதீங்க, அப்படி மலையப் பாத்துகினு கேளுங்க. அன்னிக்கி வைக்கப்போராண்ட ஒரு நெய் வாசன வந்துச்சின்றீங்களே.

அது சாமி இல்லீங்க. நாந்தான்.